ஜூன் 7-ம் ஜூன் 13-ம்

எங்கள் வீட்டில் வருடத்தில் ஒரு நாள் டிவி போட மாட்டார்கள். ஜூன் 7. சின்ன வயதில் அது ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாயி காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோவுக்கு முன்னால் விளக்கேற்றி வைப்பார். அன்றைக்கு முழுக்க அதிகம் பேச மாட்டார். சாயங்காலம் ஆனதும் வழக்கம்போல முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான், ஜூன் 7 முடிந்தது.

போட்டோவில் இருப்பது அப்பாயியின் தங்கச்சி. நான் பார்த்ததில்லை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சாவூர் பெரிய கோவிலில் குடமுழுக்குக்கான யாகசாலைப் பந்தல் தீப்பிடித்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் அவரும் ஒருவர். அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்தார்.

இதை நான் தெரிந்துகொண்டதே பத்தாவது படிக்கும்போதுதான். அதுவும் அப்பா சொன்னது, அரைகுறையாக. அப்பாயியிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "போனவ போயிட்டா. இனிமே கேட்டு என்னத்த ஆவப்போவுது?"

சரி, நான் எழுத வந்தது பெரிய கோவிலைப் பற்றி இல்லை. அதே 1997-ல், அதே ஜூன் மாதத்தில், சரியாக ஆறு நாள் கழித்து டெல்லியில் நடந்த இன்னொரு தீ விபத்தைப் பற்றி. ஹாஸ்டலில் ரூம்மேட் 'ட்ரையல் பை ஃபயர்' என்று ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தான் (நெட்ஃப்ளிக்ஸில் 2023 ஜனவரியில் வந்தது). பாதியில் உள்ளே போன நான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே விடிய விடிய பார்த்து முடித்தேன். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கு டெல்லியில் கிரீன் பார்க் என்று ஒரு பகுதி. அங்கே உபஹார் என்ற தியேட்டர். 1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. 'பார்டர்' என்ற இந்திப் படம் அன்றைக்குத்தான் ரிலீஸ். மதியக் காட்சி, கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? தியேட்டரின் தரைத்தளத்தில் கார்கள் நிற்கும் இடத்திலேயே மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அன்று காலையிலேயே அதில் ஒரு முறை தீப்பிடித்து, அணைத்து, அவசர அவசரமாக ரிப்பேர் செய்து மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் அதே டிரான்ஸ்ஃபார்மரில் மறுபடி தீ. எண்ணெய் வெளியே கொட்டி, நிறுத்தியிருந்த கார்கள் பற்றிக்கொண்டன. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது.

கீழே உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். பால்கனியில் இருந்தவர்களால் முடியவில்லை. அறிவிப்பு எதுவும் இல்லை, அவசர விளக்கு இல்லை. கூடுதலாக சீட் போடுவதற்காக ஒரு பக்கத்து நடைபாதையையே அடைத்து வைத்திருந்தார்கள். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். 100 பேருக்கு மேல் காயம். இறந்தவர்கள் நெருப்பில் எரிந்து போகவில்லை, புகையில் மூச்சுத்திணறிப் போனார்கள். இந்த ஒரு விவரம்தான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடவில்லை. நெருப்பு அவர்கள் பக்கத்தில் வரவே இல்லை. கதவு திறந்திருந்தால் போதும்.

இறந்தவர்களில் உன்னதி, உஜ்வல் என்று ஒரு அக்காவும் தம்பியும். 17 வயது, 13 வயது. முதல் நாள் முதல் படம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, அம்மாதான் டிக்கெட் புக் செய்து கொடுத்திருக்கிறார். நீலம் கிருஷ்ணமூர்த்தி. அப்பா பெயர் சேகர் கிருஷ்ணமூர்த்தி. அந்த ஒரு மாலையில் இரண்டு பிள்ளைகளும் போய்விட, வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

இங்கேதான் எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. அந்த வாரம் இந்தியாவின் இரண்டு மூலைகளில் எத்தனை வீடுகளில் புதிதாக போட்டோ மாட்டி விளக்கேற்றி வைத்திருப்பார்கள்! எல்லா வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள். விதி. தலையெழுத்து. அவ்வளவுதான் குடுத்து வச்சது. ஆறுதலுக்காகச் சொல்வதுதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

நீலம் கிருஷ்ணமூர்த்தி பேப்பர் படித்திருக்கிறார். கீழே இருந்தவர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள், பால்கனியில் இருந்தவர்கள்தான் இறந்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கிறது. ஏன்? கீழே இருந்தவர்களுக்கு நல்ல விதி, மேலே இருந்தவர்களுக்குக் கெட்ட விதியா? அந்த 'ஏன்' அவரை விடவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக மூத்த வக்கீல் கே.டி.எஸ். துளசியைப் போய்ப் பார்த்தார்கள். தனியாக ஒரு குடும்பம் மட்டும் நின்றால் எடுபடாது, பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் அங்கே கிடைத்த யோசனை. பீஸ் வாங்காமலே வழக்கை நடத்தவும் அவர் ஒப்புக்கொண்டார்.

சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றால் எங்கிருந்து சேர்ப்பது? 1997. வாட்ஸப் குரூப் கிடையாது, ஃபேஸ்புக் கிடையாது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. ஒரே தியேட்டரில், ஒரே காட்சிக்கு டிக்கெட் எடுத்தார்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செய்தித்தாளில் வந்த இரங்கல் விளம்பரங்களைத் தேடித் தேடிப் பார்த்து, அதிலிருந்து குடும்பங்களின் தொடர்பைப் பிடித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். (ரூம்மேட் திட்டினான்.) யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போனை எடுத்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குப் போட்டு, "உங்கள் வீட்டில் இறந்தவரும் எங்கள் வீட்டில் இறந்தவர்களும் ஒரே இடத்தில் இறந்தார்கள்" என்று எப்படி ஆரம்பிப்பது? எதிர்முனையில் போனை வைத்துவிட்டவர்கள் இருந்திருக்கலாம். அழுதவர்கள் இருந்திருக்கலாம். அந்த முதல் போன் காலை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. லேப் ரெக்கார்டு கேட்டு சீனியருக்குப் போன் பண்ணவே நான் நாலு தடவை ஒத்திகை பார்ப்பேன்.

1997 ஜூன் 30. தீ விபத்து நடந்து 17 நாள். உபஹார் துயரத்தில் பாதிக்கப்பட்டோர் சங்கம் பிறந்தது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஏவியூடி என்பார்கள். முதலில் கொஞ்சம் குடும்பங்கள்தான். பிறகு 28 ஆனது.

ஆதரவுக் குழு என்றதும் எனக்கு மனதில் வந்த படம் வேறு. ஆங்கிலப் படங்களில் காட்டுவார்கள் இல்லையா, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஒருவர் அழ மற்றவர்கள் தலையாட்டுவார்கள், காபி குடிப்பார்கள். இவர்களும் சேர்ந்து அழுதிருப்பார்கள்தான். ஆனால் சங்கத்தைக் கட்டியது அழுவதற்காக இல்லை. வேலை செய்வதற்காக. தியேட்டர் வரைபடத்தைப் படிப்பது, எந்த வருஷம் எந்த அதிகாரி எந்த சீட்டுக்கு அனுமதி கொடுத்தார் என்று கோப்புகளைப் புரட்டுவது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டில் போய் உட்காருவது. சட்டம் படிக்காத அம்மா அப்பாக்கள் சினிமா தியேட்டர் லைசென்ஸ் விதிகளைக் கரைத்துக் குடித்தார்கள்.

நான் புரிந்துகொண்டது இதுதான். தனியாக இருக்கும் ஒருவர் 'ஏன் பால்கனி மட்டும்?' என்று கேட்டால், பாவம், பிள்ளை போன துக்கத்தில் என்னவோ பேசுகிறார் என்பார்கள். அவருக்கே கொஞ்ச நாளில் அப்படித் தோன்றிவிடும். 28 குடும்பங்கள் அதே கேள்வியைக் கேட்டால் அதைத் துக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் சோர்ந்து உட்காரும் நாளில் இன்னொருவர் கோர்ட்டுக்குப் போவார். துக்கத்தைப் பங்கு போட்டுக் குறைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேள்வியை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயித்தார்களா என்று கேட்பீர்கள். இதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். தொடரில் பார்க்கும்போதுகூட இந்தக் கட்டம் வரும்போது எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

நஷ்ட ஈட்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2003-ல் தீர்ப்புச் சொன்னது. இறந்தவர் 20 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் 18 லட்சம், அதற்குக் கீழே என்றால் 15 லட்சம். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை 10 லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது. தண்டனையாகக் கட்டச் சொன்ன இரண்டரை கோடி, 25 லட்சம் ஆனது. குற்ற வழக்கில் தியேட்டர் உரிமையாளர்களான சுஷில் அன்சல், கோபால் அன்சல் சகோதரர்களுக்கு 2007-ல் இரண்டு வருஷம் தண்டனை. 2008-ல் உயர் நீதிமன்றத்தில் அது ஒரு வருஷம் ஆனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு 30 கோடி அபராதம் கட்டச் சொல்லி, ஏற்கெனவே இருந்த சிறைவாசமே போதும் என்றது. 2017-ல் மறுசீராய்வில் கோபால் அன்சல் மட்டும் மிச்சத் தண்டனையை அனுபவிக்க வேண்டும், மூத்தவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லப்பட்டது.

நடுவில் இன்னொரு கூத்து. கோர்ட்டில் இருந்த வழக்கு ஆவணங்களே காணாமல் போயிருந்தன, சிதைக்கப்பட்டிருந்தன. அதற்குத் தனியாக ஒரு வழக்கு. 2021 நவம்பரில் அதில் ஏழு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் 2022 ஜூலையில் மேல்முறையீட்டில், சிறையில் இருந்த நாள்களே போதும் என்று விட்டுவிட்டார்கள். 1997-லிருந்து 2022. 25 வருஷம். என் வயதைவிட அதிகம்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம் கடைசில காசுக்காகத்தான்டா வந்து நிக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த 60 கோடி அபராதம் குடும்பங்களுக்குப் போகவில்லை. விபத்தில் அடிபடுபவர்களுக்கு சிகிச்சை மையம் கட்டத்தான் கோர்ட் அதைக் கொடுக்கச் சொன்னது. இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர்கள் காசை வைத்துக்கொண்டு யாருக்குச் சேர்க்கப் போகிறார்கள் என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சரி, சாப்பிட்டியா என்றார். கொஞ்ச நேரம் கழித்து எனக்கே புரிந்தது, அப்பா அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதற்கு இத்தனை வருஷமாக ஒரு சமாதானம் வேண்டியிருந்திருக்கிறது. அவ்வளவுதான். அப்பாவுக்கு அப்போது என் வயது.

நான் கிருஷ்ணமூர்த்தி தம்பதி பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 59 பேர் இறந்தார்கள். சங்கத்தில் 28 குடும்பங்கள். ஒரே குடும்பத்தில் பல பேர் இறந்திருக்கிறார்கள் என்றாலும், வராமல் இருந்துவிட்டவர்களும் இருக்கத்தானே செய்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, போட்டோவுக்கு விளக்கேற்றி, மறக்கப் பார்த்தவர்கள். அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் அப்பாயியும் அந்தப் பக்கம்தான்.

அந்த 2011 தீர்ப்பில் இன்னொரு சமாச்சாரம் இருந்தது. பணம் குறைந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், இது கண்ணில் படவில்லை. எல்லா தியேட்டரிலும் ஒவ்வொரு காட்சியிலும் வெளியேறும் வழிகள் எங்கே இருக்கின்றன, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று ஒரு சின்னப் படம் காட்ட வேண்டும், ஊழியர்களுக்கு மீட்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

மல்டிபிளெக்ஸில் பார்த்திருப்பீர்கள். புகையிலை விளம்பரத்துக்குப் பக்கத்தில், பச்சை அம்புக்குறி போட்டு அரங்கத்தின் வரைபடம் ஒன்று வரும். 'எக்ஸிட்' இங்கே, இங்கே என்று. எல்லோரும் அப்போதுதான் பாப்கார்னைப் பிரித்துக்கொண்டிருப்போம். நான் அந்த நேரத்தில் ரீல்ஸ் பார்ப்பேன். அந்த அரை நிமிஷத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. தொடர் பார்த்த பிறகு தியேட்டருக்குப் போனால் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு பழைய தியேட்டரில் பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே நின்ற அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "படம் போட்டாச்சு தம்பி, போய் உக்காருங்க" என்றார். நண்பர்கள் முன்னால் மானம் போனது. இடைவேளையில் பார்த்தால் அதில் இரண்டு நாற்காலியை நகர்த்தி வைத்திருந்தார். இரண்டுதான்.

உபஹாருக்கு எதிரே ஸ்மிருதி உபவன் என்று ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. ஜூன் 13 அன்று குடும்பங்கள் அங்கே கூடுவார்கள். தம்பதி சேர்ந்து 2016-ல் எழுதிய புத்தகம்தான் பிறகு அந்தத் தொடராக ஆனது. மனிதர்களின் அலட்சியத்தால் வரும் இப்படிப்பட்ட சாவுகளுக்கு என்று தனிச் சட்டம் வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது ஜூன் 7 வந்தது. அப்பாயி விளக்கேற்றினார். வழக்கம்போலப் பேசவில்லை. சாயங்காலம் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்ததும் நானும் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். டெல்லிக் கதையைச் சொன்னேன். வழக்கு, தீர்ப்பு எல்லாம் விட்டுவிட்டேன். பேப்பரைப் பார்த்துப் பார்த்து மற்ற வீடுகளுக்குப் போன் போட்டார்கள் என்பதை மட்டும் சொன்னேன். அப்பாயி கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். 2020-ல் பெரிய கோவில் குடமுழுக்குக்கு ஊரே திரண்டு போனபோதுகூட வீட்டை விட்டு இறங்காதவர்.

"ஏன் அப்பாயி, அன்னிக்கி உன்கூட வேற யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டேன். வழக்கமான பதில்தான் வரும் என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரி வராண்டால ஒரு பொம்பள எம்பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அதுக்கு மவ போயிருச்சு. விடியிற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம். சோடா வாங்கியாந்து எனக்குப் பாதி குடுத்துச்சு."

"யாரு அது?"

"ஒரத்தநாட்டுப் பக்கம்னு சொன்னிச்சு. பேரு கேக்கல." முறத்தைக் கீழே வைத்தார். "ஒரத்தநாட்டுலேர்ந்து யாரு வந்தாலும் நானும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பேரு தெரியாம எப்படி விசாரிக்கிறது?"